கொடியை மறந்துவிட்டு அடியுங்கள்: கோல்பில் ஒரு குழியைத் திட்டமிடுவது

கரம் நன்றாக விளையாடும் ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பீர்கள். ஒரு காயைப் போடும் அதே அடியில் இன்னொரு காயை மூலைக்குக் கிட்ட நகர்த்தி வைத்துவிடுவார். சுற்றி நிற்பவர்கள் விழுந்த காய்க்குக் கைதட்டுவார்கள். அவருடைய கண் நகர்ந்த காயில் இருக்கும். கோல்பில் ஒரு குழியைத் திட்டமிடுவதும் இதே வேலைதான். இப்போது அடிக்கிற பந்து எவ்வளவு தூரம் பறந்தது என்பது இரண்டாம் பட்சம். அது போய் நிற்கும் இடத்திலிருந்து அடுத்த அடி இலேசாக இருக்குமா என்பதே கேள்வி.

யாழ்ப்பாணத்தில் கோல்ப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் "அது காசுக்காரரின்ரை விளையாட்டு" என்று கதையை அத்தோடு முடித்துவிடுவார்கள். மட்டையும் பந்தும் என்றால் எங்களுக்குக் கிரிக்கெட்தான். ஆனால் ரொறன்ரோவிலோ லண்டனிலோ சொந்தம் இல்லாத வீடு இங்கே குறைவு. அங்கே வளர்ந்து கோல்ப் தடி பிடித்துப் பழகிய பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். கைபேசியில் ஒரு போட்டியைப் போட்டுவிட்டு, "மாமா, அவர் ஏன் கொடிக்கு நேரே அடிக்கேல்லை?" என்று கேட்கிறார்கள். இலங்கைக்கும் இந்த விளையாட்டு புதிதல்ல. கொழும்பில் 1879 இலும் நுவரெலியாவில் 1889 இலும் கழகங்கள் தொடங்கிவிட்டன. கண்டிக்கு அருகே திகனவிலும், அம்பாந்தோட்டையிலும், எங்களுக்குக் கொஞ்சம் கிட்டவாகத் திருகோணமலை சீனக்குடாவிலும் மைதானங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு ஆறுதலாக இருந்து பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் சில சொற்கள். கோல்பில் "குழி" என்றால் பந்து விழுகிற, 108 மில்லிமீற்றர் அகலமான துவாரம் மட்டுமல்ல. முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து அந்தத் துவாரம் வரைக்குமான முழுப் பாதைக்கும் அதே பெயர்தான். அப்படி 18 குழிகள் சேர்ந்தது ஓர் ஆட்டம். தொடங்கும் இடம் ரீ. நடுவே ஒட்ட வெட்டிய புல் ஃபெயார்வே. இரு கரையிலும் வளர விட்ட புல் றஃப். கடைசியில், பாய் விரித்தது போன்ற புற்தரை கிரீன். அதில்தான் துவாரமும் கொடியும். மணல் நிரப்பிய பள்ளத்துக்குப் பங்கர் என்று பெயர். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் நெஞ்சுக்குள் வேறு நினைவு வரும்; இங்கே அது மணல் மட்டுமே.

ஒவ்வொரு குழிக்கும் "பார்" என்று ஓர் எண் உண்டு: 3, 4 அல்லது 5. நன்றாக விளையாடும் ஒருவர் எத்தனை அடியில் முடிப்பார் என்ற கணக்கு அது. கிரீனில் பந்தை உருட்டுவதற்கு எப்போதும் 2 அடி ஒதுக்கப்பட்டிருக்கும். ஆகவே பார் 4 என்றால், 2 அடியில் கிரீனுக்கு வந்து 2 அடியில் உருட்டிப் போடவேண்டும்.

தொடக்கக்காரர் பலரும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் கெட்டுப்போகிறார்கள். பார் என்பது தேர்ந்தவர்களின் கணக்கு. உலகப் பொது ஹான்டிகாப் முறையில் புதிதாக வருபவருக்கு 54 அடி வரை சலுகை உண்டு. 18 குழிகளுக்குப் பிரித்தால் ஒரு குழிக்கு 3. அதாவது, பார் 4 குழியை 7 அடியில் முடித்தாலே உங்கள் கணக்கில் நீங்கள் சரியாக விளையாடிவிட்டீர்கள். இந்த 7 ஐ மனதில் வைத்துக்கொண்டு ரீயில் நின்று பாருங்கள். அவசரம் தானாகக் குறையும். திட்டம் என்று ஒன்று போடுவதற்கே அப்போதுதான் மனதில் இடம் வரும்.

இனி யாழ்ப்பாணத்து முற்றவெளி மைதானத்துக்கு வாருங்கள். நூலகத்துக்கு முதுகைக் காட்டி, கோட்டையைப் பார்த்தபடி, மேற்கு முகமாக நிற்கிறோம். இடக்கைப் பக்கம் கடல்நீரேரி. உண்மையான முற்றவெளி இவ்வளவு நீளம் வராது, மனதுக்குள் இழுத்து நீட்டிக்கொள்ளுங்கள். 340 மீற்றர் நீளத்தில் ஒரு பார் 4 குழி. வலப்பக்கம் நெடுகிலும் ஒரு கிடுகு வேலி, அதனோடு வெள்ளைக் கட்டைகள். வேலிக்கு அங்காலை போனால் பந்து எல்லைக்கு வெளியே. இடப்பக்கம் 180 மீற்றரில் தொடங்கி 230 மீற்றர் வரை ஒரு குளம், அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டைகள். குளத்துக்கும் வேலிக்கும் இடையில் 50 மீற்றர் அகலம். கிரீனுக்கு முன்னால், வலப்பக்கமாக, ஒரு பங்கர். இன்று கொடி அந்தப் பங்கருக்கு நேர் பின்னால் நிற்கிறது. மாதம் ஆனி, சோளகம் வீசுகிறது. அது எங்களுக்கு முன்னால் இடப்பக்கத்திலிருந்து வருகிற காற்று. பந்தை வேலிப் பக்கம் தள்ளும்.

புதிதாக வருபவர் என்ன செய்வார்? பையில் உள்ள ஆக நீளமான தடியை, ட்றைவரை, எடுப்பார். கொடியைப் பார்ப்பார். முழுப் பலத்தோடு அடிப்பார். பையில் 14 தடிகள் வரை வைத்திருக்கலாம் என்று விதி இடம் தருகிறது. அவர் யோசிக்காமல் எடுப்பது எப்போதும் அந்த ஒன்றைத்தான்.

நாங்கள் கொடியிலிருந்து பின்னோக்கி நடப்போம். கொடி வலப்பக்கப் பங்கருக்குப் பின்னால். வலப்பக்கத்திலிருந்து வந்தால் மணலுக்கு மேலாகப் பந்தைத் தூக்கவேண்டும். நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக நின்று அடித்தால் கிரீன் வாய் திறந்து கிடக்கும். எனக்கு 80 மீற்றர் அடி கைக்கு வசமானது. அப்படியானால் கிரீனுக்குப் போகும் அடியை 80 மீற்றருக்கு இப்பாலிருந்து, கொஞ்சம் இடப்பக்கமாக நின்று அடிக்க விரும்புகிறேன். ரீயிலிருந்து அளந்தால் அந்த இடம் 260 மீற்றரில் இருக்கிறது. குளம் அதற்கு முன்பே முடிந்துவிடும். 260 மீற்றருக்கு எப்படி வருவது? 140 உம் 120 உம். ஹைபிரிட் என்கிற தடியில் 140 போகும், 7 ஆம் இலக்க இரும்புத் தடியில் 120. கணக்கு முடிந்தது: 140, 120, 80. மூன்றாவது அடியில் கிரீன், 2 அடி உருட்டல், மொத்தம் 5. எங்கள் 7 இலிருந்து 2 அடி மிச்சம்.

"ட்றைவரால் 190 அடித்தால் மிச்சம் 150 தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லும்போதுதான் திட்டம் என்றால் என்ன என்பது விளங்கும்.

கையில் இருந்து புறப்படும் பந்து ஒரு கோட்டில் போவதில்லை. வயலில் நெல்லை வீசி விதைக்கிறது போல, பத்துப் பந்து அடித்தால் பத்தும் ஒரு வட்டாரத்தில் பரவி விழும். தொழில்முறை ஆட்டக்காரருக்கும் அப்படித்தான். அவர்களுடைய வட்டாரம் சிறியது, அவ்வளவுதான் வித்தியாசம். என் ட்றைவர் பந்துகள் இடமும் வலமுமாக 60 மீற்றர் அகலத்துக்குப் பரவும். 190 மீற்றரில் குளத்துக்கும் வேலிக்கும் நடுவே இருப்பது 50 மீற்றர். எங்கே குறிவைத்தாலும் சில பந்துகள் தண்ணீருக்கோ வேலிக்கு அங்காலையோ போயே தீரும். ஹைபிரிட்டில் அகலம் 30 மீற்றர். போகும் தூரம் 140. குளம் தொடங்குவது 180 இல். ஆகவே அந்தத் தடியை எடுத்ததும் குளம் ஆட்டத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறது. எஞ்சியிருப்பது வேலி மட்டும். இடப்பக்கமாக நன்றாகத் தள்ளிக் குறிவைக்கலாம், காற்று கொண்டுவந்து நடுவில் விடும்.

இன்னொன்று. ட்றைவர் நன்றாக விழுந்தாலும் மிச்சம் 150 மீற்றர், குறுக்குக் காற்று, முன்னால் மணல். தொடக்கக்காரர் அதை நேரே கிரீனில் கொண்டுபோய் வைப்பது எத்தனை தடவை நடக்கும்? பெரும்பாலும் மூன்றாவது அடியில்தான் கிரீனைத் தொடுவார். இந்த வழியிலும் மூன்று, அந்த வழியிலும் மூன்று. வேலியும் குளமும் இடையில் இல்லாத வழியை எடுப்பதுதானே புத்தி?

எல்லாத் தவறுக்கும் ஒரே விலை இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பந்து வேலிக்கு அங்காலை போனால் ஒரு தண்டனை அடி. அதோடு போன தூரமும் போச்சு, பழைய இடத்துக்கே திரும்பி வந்து அடிக்கவேண்டும். ரீயில் நடந்தால், அடுத்து அடிப்பது மூன்றாவது அடி. பந்து தொலைந்தாலும் இதே விலைதான். தேடுவதற்கு 2019 வரை 5 நிமிடம் தந்தார்கள், இப்போது 3 நிமிடம்தான். அதனால் சந்தேகம் வந்தால், சேர்ந்து விளையாடுபவர்களிடம் சொல்லிவிட்டு, அங்கேயே தற்காலிகமாக இன்னொரு பந்தை அடித்து வைத்துவிட்டுப் போங்கள். சிவப்புக் கட்டைக் குளத்தில் விழுந்தாலும் ஒரு தண்டனை அடி உண்டு. ஆனால் பந்து குளத்தின் எல்லையைக் கடந்த இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு தடி நீளத்துக்குள், குழிக்குக் கிட்டப் போகாமல் பந்தைப் போட்டுத் தொடரலாம். வந்த தூரம் கையில் இருக்கும். பங்கரில் தண்டனை இல்லை, வெளியே எடுப்பதுதான் பாடு. றஃப் எல்லாவற்றிலும் மலிவு. ஆகவே எந்த ரீயில் நின்றாலும் முதல் கேள்வி: இங்கே ஆக விலை கூடிய பக்கம் எது? அந்தப் பக்கம் ஒரு பந்துகூடப் போகாத மாதிரிக் குறியை மற்றப் பக்கம் தள்ளுங்கள்.

ரீயில் நிற்கும் இடத்திலும் ஒரு சிறு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு அடையாளங்களுக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்கலாம். வேலி வலப்பக்கம் என்றால் வலப்பக்க அடையாளத்துக்குக் கிட்ட வையுங்கள். அங்கிருந்து பார்க்கும்போது கண்ணும் உடம்பும் தானாகவே வேலியை விட்டு இடப்பக்கம் திரும்பும். வேலிக்குப் பயந்து இடது ஓரமாக ஒதுங்கி நிற்பவர், தெரியாமலே வேலியை நோக்கித் திரும்பி நிற்கிறார்.

திட்டம் போட்டும் பந்து பிழைத்துப் போகும். அப்போது என்ன செய்வது என்பதை எனக்கு மலைநாட்டு மைதானம் ஒன்றில் கேடியாக, அதாவது தடிப் பையைச் சுமந்து துணைக்கு, வந்த ஒரு பெரியவர் காட்டித் தந்தார். என் பந்து மரங்களுக்குள் போய்விட்டது. இரண்டு அடிமரங்களுக்கு நடுவே ஒரு கதவு அகலத்துக்கு இடைவெளி. அதற்குள்ளால் கொடி தெளிவாகத் தெரிந்தது. நான் இரும்புத் தடியை உருவிவிட்டேன். அவர் பந்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அதே இடைவெளியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, பத்து பந்து அடிச்சா அந்த சந்துல எத்தன போகும்?"

"மூண்டு போகும், ஐயா."

"அப்ப ஏழு மரத்துல படும்."

எழுந்து, தன் செருப்பின் நுனியால் பக்கவாட்டில், ஃபெயார்வேயை நோக்கிப் புல்லில் ஒரு கீறு கீறினார். அந்தப் பக்கம் கொடியும் இல்லை, முன்னேற்றமும் இல்லை. இருபது மீற்றர் தள்ளி வெறும் புல்வெளி. வெட்ஜ் என்கிற குட்டைத் தடியால் மெல்லத் தட்டினேன். அடுத்த அடி கிரீனுக்கு. அந்தக் குழியை 5 அடியில் முடித்தேன். அன்றிலிருந்து மரத்துக்குள் பந்து போனால் அவருடைய கேள்வியைத்தான் எனக்குள் கேட்கிறேன். பத்தில் எட்டுக்குக் குறைந்தால் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்துவிடுவேன்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் உலகமே பார்த்திருக்க நழுவிய ஒரு கிண்ணம் இருக்கிறது. 1999 இல் ஸ்கொட்லாந்தின் கார்னூஸ்டியில் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி. கடைசிக் குழிக்கு வரும்போது பிரான்ஸ் நாட்டு ஷான் வான் டி வெல்ட் 3 அடி முன்னணியில் நின்றார். பார் 4 குழி. 6 அடித்தாலும் கிண்ணம் அவருக்குத்தான். பாரி பேர்ன் என்ற ஓடை பாம்பு போல வளைந்து வளைந்து அந்தக் குழியைக் குறுக்கறுத்து ஓடும். அவர் ட்றைவரை எடுத்தார். பந்து வலப்பக்கமாக விலகிப் போனாலும் ஓடையில் விழாமல் தப்பியது. அந்த இடத்திலிருந்து பந்தைச் சின்னச் சின்ன அடிகளாகத் தட்டிக்கொண்டு போயிருந்தாலும் 6 க்குள் முடித்திருக்கலாம். அவர் கிரீனை நோக்கியே அடித்தார். பந்து பார்வையாளர் மேடையில் பட்டு, ஓடைக் கரைக் கல்லில் பட்டு, திரும்பி அடர்ந்த புல்லுக்குள் விழுந்தது. அடுத்த அடி ஓடைக்குள். சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்று யோசித்தார்; முடிவில் தண்டனை அடியை ஏற்றுக்கொண்டார். பிறகு பங்கர். கடைசியில் 7. சமநிலையாகி, மேலதிக ஆட்டத்தில் கிண்ணம் போல் லோறிக்குப் போனது. அந்த 7 இலும் கடைசி உருட்டல் துணிச்சலான அடி, அதை மறக்கக்கூடாது. அவர் கை தளரவில்லை. தேவை 6 தான் என்ற கணக்கு மட்டும் நடுவழியில் கைவிட்டுப் போயிற்று.

நேர்மாறான காட்சியும் உண்டு. 2019 இல் அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாள். அங்கே 12 ஆவது குழி பார் 3. நீளம் 142 மீற்றரளவுதான். கிரீனுக்கு முன்னால் ரேஸ் கிறீக் என்ற ஓடை. கொடி வலப்பக்கம், ஓடைக்குக் கிட்ட. கடைசி இரண்டு குழுக்களில் ஆறு பேர். அவர்களில் நால்வர் பந்தைத் தண்ணீரில் விட்டார்கள். அப்போது முன்னணியில் நின்ற மொலினாரியும் அதில் ஒருவர். டைகர் வூட்ஸ் கொடிப் பக்கமே போகவில்லை. இடப்பக்கமாக, கிரீனின் அகன்ற பகுதிக்கு அடித்தார். நீண்ட உருட்டல் ஒன்று, குறுகியது ஒன்று, 3 அடியில் முடிந்தது. அன்று கிண்ணமும் அவருக்கே. "ஏன் கொடிக்கு நேரே அடிக்கேல்லை?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

எங்கள் முற்றவெளிக் குழியில் மூன்றாவது அடியையும் இப்படித்தான் வைக்கவேண்டும். 80 மீற்றரில் நின்று கிரீனின் இடது பாதிக்குக் குறி. சோளகம் பந்தை நடுவுக்குக் கொண்டுவரும். காற்று எதிர்க்கிறதென்று பலமாக அடிக்காதீர்கள். பலமாக அடிக்க அடிக்கப் பந்தின் பின்சுழற்சி கூடும்; காற்று அதை மேலே தூக்கிவிட்டு, அதே இடத்தில் விழவைக்கும். ஒரு படி நீளமான தடியை எடுத்து மெதுவாக அடியுங்கள். கொடிக்கு நேரே அடித்துப் பந்து வலப்பக்கம் தவறினால், மணலுக்கும் குழிக்கும் இடையே பந்து உருள இடமே இருக்காது. இடப்பக்கம் தவறினால், முழுக் கிரீனும் உருட்ட இருக்கிறது.

கிரீனில் இறங்கியதும் ஒரே ஓர் எண்ணை நினைவில் வையுங்கள். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் ஆடுகிறவர்களே இரண்டரை மீற்றர் அளவு தூரத்திலிருந்து ஏறத்தாழப் பாதித் தடவைதான் பந்தைக் குழிக்குள் போடுகிறார்கள். ஆகவே நீண்ட உருட்டலில் குழியைத் தேடாதீர்கள். பந்தைக் குழிக்குப் பக்கத்தில், ஒரு சுளகு அகலத்துக்குள், நிறுத்தினால் போதும். முடிந்தால் குழிக்குக் கீழ்ப்பக்கச் சரிவில் நிறுத்துங்கள். மேல்நோக்கி உருட்டுவது எப்போதும் இலேசு.

பார் 3 குழிகளில் தொடக்கக்காரரின் பந்து பெரும்பாலும் கிரீனுக்கு முன்னாலேயே விழும். பங்கர், ஓடை போன்ற தடைகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தங்கள் வாழ்நாளின் ஆகச் சிறந்த அடியை நினைத்துத் தடியை எடுப்பதுதான் காரணம். ஒரு படி நீளமானதை எடுங்கள். பார் 5 இல் இரண்டாவது அடியை வீரமாக அடிக்கவேண்டிய தேவை இல்லை. உங்களுக்குப் பிடித்த தூரம் மிச்சம் வரும் மாதிரி வைத்தால் சரி.

மார்கழி, தை வந்ததும் இதே முற்றவெளிக் குழியைப் புதிதாக வரையவேண்டும். வல்வெட்டித்துறையில் பட்டம் ஏறுகிற காலம், காற்று வாடை. இப்போது அது எங்கள் முதுகுக்குப் பின்னால், வலப்பக்கத்திலிருந்து வருகிறது. பந்தை வேலியை விட்டு விலக்கி, இடப்பக்கம் குளத்தை நோக்கித் தள்ளும், தூரத்தையும் கூட்டும். சோளகத்தில் குளத்துக்கு எட்டாமல் நின்ற ஹைபிரிட் அடி, காற்றோடு போய் உருண்டு தண்ணீருக்குள் விழுந்துவிடக்கூடும். அதனால் அந்தத் தடி பைக்குள்ளேயே இருக்கட்டும். 7 ஆம் இலக்க இரும்புத் தடி காற்றின் தயவில் 130 போகும்: அதில் இரண்டு அடி, பிறகு 80. ரீயில் இந்த முறை இடப்பக்க அடையாளத்துக்குக் கிட்டப் பந்தை வைத்து, நடுவுக்குச் சற்று வலப்பக்கம் குறிவையுங்கள். கடைசி அடியில் பந்து நிற்காமல் ஓடும், ஆகவே கிரீனின் முன் விளிம்பில், பங்கருக்கு இடப்பக்கமாக இறக்கிவிடுங்கள். மிச்சத் தூரத்தை அது உருண்டு போய்ச் சேர்ந்துகொள்ளும்.